சொந்தமா, அசலா?

நான் வேலை பார்த்த லேபிலிருந்து போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள், கெட்டிக்காரி. புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். சிறுநீரகம் கொடுக்கிறவருடைய விவரத்தையும் வாங்குகிறவருடைய விவரத்தையும் உள்ளே போட்டால் பொருந்துமா பொருந்தாதா என்று அதுவே சொல்லிவிடுமாம். "அதனால மேடம், புருஷன் பொண்டாட்டியா வர்றவங்ககிட்ட நாம கேக்குற அந்தக் கேள்விய எடுத்துரலாம்னு இருக்கோம். கல்யாணம் சொந்தத்துலயா, உறவில்லாத அசல்லயான்னு. கேக்கவே சங்கடமா இருக்கு மேடம்," என்றாள்.

தாராளமாக எடுத்துக்கொள் என்றேன். மெஷின் செய்கிற வேலையை மனுஷன்தான் செய்ய வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு மனசு ஆறவில்லை. அந்தக் கேள்வியை அந்த லேபுக்குள் கொண்டு வந்தவள் நான். அது எப்படி வந்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வழியில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன். பெருமை அடித்துக்கொள்கிறாள் என்று யாராவது நினைத்தால், ஆமாம், அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. அத்தாவுக்குத் தோல் வியாபாரம். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சென்னைக்கு ஆராய்ச்சிக்குப் போனேன். அங்கே என் வேலை, ஒரு எலியின் தோலில் துண்டு எடுத்து இன்னொரு எலியின் முதுகில் ஒட்டவைத்து, அது எப்போது கருகி விழுகிறது என்று பார்ப்பது. இதை ஊருக்கு வந்து சொன்னபோது அத்தா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "நம்ம மண்டியில இல்லாத தோலா? இதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போகணுமாக்கும்?" என்றார். சிரித்தவர் சும்மா இருக்கவில்லை, என் மகள் தோல் டாக்டர் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். லீவில் வரும்போதெல்லாம் படை, அரிப்பு, தேமல் என்று பெண்கள் கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். எலிக்குத்தான் பார்ப்பேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்த எலிகளிடம் நான் படித்தது இவ்வளவுதான். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் மேலும் சில அடையாளங்கள் இருக்கின்றன. அவை இரண்டு கொத்தாக வரும், ஒரு கொத்து அம்மாவிடமிருந்து, ஒரு கொத்து அப்பாவிடமிருந்து. தன்னிடம் இல்லாத கொத்தைக் கண்டால் உடம்பு அதை அந்நியன் என்று விரட்டும். ஒருமுறை பார்த்த அந்நியனை உடம்பு மறக்கவும் மறக்காது. அவனை அடிப்பதற்கென்று ஆன்டிபாடி என்ற ஆயுதத்தைச் செய்து ரத்தத்தில் மிதக்கவிட்டுக் காத்திருக்கும். தோலானாலும் சிறுநீரகமானாலும் கதை ஒன்றுதான். மருந்து கொடுத்து உடம்பைச் சமாதானப்படுத்தலாம், ஆனால் ஆயுதம் முன்னாலேயே தயாராக இருந்தால் சமாதானத்துக்கு நேரம் கிடைக்காது. தையல் போட்டு முடிப்பதற்குள் புதுச் சிறுநீரகம் நீலம் பாரித்துச் செத்துப்போகும்.

அந்த ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்று ஆபரேஷனுக்கு முன்னால் சொல்வதுதான் என் பிழைப்பாக ஆனது. ஊரிலேயே வேலை கிடைத்தது. டயாலிசிஸ் செய்யும் ஒரு ஆஸ்பத்திரியின் மாடியில் டாக்டர் திலகவதி ஒரு லேப் ஆரம்பித்திருந்தார். ஆபரேஷன் எல்லாம் மதுரையில், ரத்தம் மட்டும் பஸ் ஏறி எங்களிடம் வரும்.

டாக்டர் திலகவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழனிப் பக்கம் கீரனூர்க்காரர். வெளிநாட்டில் பெரிய இடங்களில் எல்லாம் இருந்துவிட்டு வந்தவர், ஆனால் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் வாயில் வராது. கூட்டுகிற அம்மாவுக்கும் 'ங்க', எங்களுக்கும் 'ங்க'. அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் கூடும். 'ரொம்ப நன்றிங்க' என்று சொன்னால் நாம் ஏதோ தப்புச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். 'உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா' என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு நம் கதை முடிந்தது.

ஒருமுறை மதுரையிலிருந்து ஒரு புது டாக்டர் ரத்தத்தை ஐஸில் புதைத்து அனுப்பிவிட்டார். ரத்தம் என்றால் ஐஸில் வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே. ஆனால் எங்களுக்கு வேண்டியது உயிரோடு இருக்கிற வெள்ளை அணுக்கள். ஐஸ் பட்டால் அவை வீணாகிவிடும், சாதாரணமாக ஒரு பையில் போட்டுக் கண்டக்டரிடம் கொடுத்தாலே போதும். அன்றைக்கு டாக்டர் திலகவதி போனை எடுத்து அந்த டாக்டரிடம் பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "வணக்கமுங்க டாக்டர். பொட்டி வந்துதுங்க. ரொம்ப நன்றிங்க. ஏனுங்க, மீன் ஏதாச்சும் உள்ள வச்சு மறந்துட்டீங்களா? இல்லீங்க, இம்புட்டு ஐஸ் இருக்குதே, அதான் தேடிப் பார்த்தோமுங்க." அந்த டாக்டர் அதற்குப் பிறகு ஜென்மத்துக்கும் ஐஸ் வைத்திருக்க மாட்டார்.

எங்கள் சோதனை இப்படி நடக்கும். தானம் கொடுப்பவரின் ரத்தத்தை ஒரு கனமான திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றிச் சுற்றவிட்டால் நடுவில் நீர்மோர் நிறத்தில் ஒரு வளையம் நிற்கும். அதுதான் வெள்ளை அணு. அதைக் கலைக்காமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். கை நடுங்குகிறவர்களுக்கு இந்த வேலை ஆகாது. உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டில் எறும்புக்குக் குளம் வெட்டினதுபோல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். குழிக்கு ஒரு துளி எண்ணெய், அதன் அடியில் நோயாளியின் சீரம், அதோடு கொடுப்பவரின் அணுக்கள். சீரம் என்பது ரத்தத்தில் செல்களை எல்லாம் நீக்கிய தெளிவு. ஆன்டிபாடி இருந்தால் அதில்தான் இருக்கும். சற்றுப் பொறுத்து முயலின் சீரத்தைச் சேர்ப்போம். ஆன்டிபாடி ஒட்டியிருக்கிற அணுவை அது ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். கடைசியில் சாயம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உயிருள்ள அணு மினுங்கும், செத்த அணு சாயத்தைக் குடித்துக் கறுத்துக் கிடக்கும். மினுங்கினால் ஆபரேஷன். கறுத்தால் இல்லை.

சொல்வதற்குச் சுலபம். பாதி கறுத்து பாதி மினுங்கும்போதுதான் பார்க்கிறவளின் மனசு விளையாட ஆரம்பிக்கும். அதற்காக டாக்டர் திலகவதி இரண்டு சட்டம் வைத்திருந்தார். ஒரே தட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. இது ஒன்று. தட்டைப் பார்க்கிறவர் நோயாளியையோ வீட்டாரையோ பார்க்கவும் கூடாது, பேசவும் கூடாது. இது இரண்டு. "மூஞ்சியப் பாத்துட்டா கண்ணு பொய் சொல்லுமுங்க," என்பார். கீழே டயாலிசிஸ் வராந்தாவில் வருஷக்கணக்காக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், நான் ஒருவரிடமும் பேசாமல் படியேறிப் போய்க்கொண்டிருந்தேன். பேகம்பூர்க்காரிக்குப் பேசாமல் போவது என்றால் எவ்வளவு சிரமம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

அந்தச் சட்டத்தை நான் மீறிய கதைதான் இது.

செம்பட்டிப் பக்கத்திலிருந்து ராஜாத்தி என்று ஒரு பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். பூவும் கத்தரிக்காயும் போடுகிற சம்சாரி வீடு. இரண்டு சிறுநீரகமும் போய் எங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். கையில் ஊசி குத்துகிற இடம் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தது, டயாலிசிஸ் இன்னும் எவ்வளவு காலத்துக்கு ஓடும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்பா இல்லை, கூடப் பிறந்தவர் இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை. இறந்தவரிடமிருந்து கிடைக்கும் என்று பதிந்து வைத்துக் காத்திருப்பதென்றால் அது வருமோ வராதோ. கொடுக்க முன்வந்தது கணவர் கருப்பையா ஒருவர்தான். ரத்த வகை சேர்ந்தது. மிச்சத்தைச் சொல்ல வேண்டியது நாங்கள்.

புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுப்பதில் ஒரு தனி ஆபத்து உண்டு. பிள்ளை பெறும்போது பிள்ளை வழியாக அந்தப் பெண்ணின் உடம்பு புருஷனுடைய அடையாளங்களைப் பார்த்துவிடுகிறது. அவற்றுக்கு எதிராக ஆயுதம் செய்து வைத்திருக்கவும் கூடும். ராஜாத்திக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நானும் என்னோடு வேலை பார்த்த ஜோசப்பும் தட்டைத் தனித்தனியாகப் பார்த்தோம். இரண்டு பேரும் ஒன்றையே எழுதினோம். கறுப்பு. கருப்பையாவின் அணுக்களை ராஜாத்தியின் சீரம் துப்புரவாகக் கொன்றிருந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடையாளங்களைப் பார்க்கும் சோதனை வேறொன்றைச் சொன்னது. கருப்பையாவின் இரண்டு கொத்தில் ஒரு கொத்து அப்படியே ராஜாத்தியிடம் இருந்தது. வந்த விவரத்தில் 'கணவன், ரத்த உறவு இல்லை' என்று இருக்கிறது. ரத்த உறவு இல்லாத இரண்டு பேருக்கு ஒன்றிரண்டு அடையாளம் ஒத்துப்போகலாம், முழுக் கொத்தும் ஒத்துப்போவது அபூர்வம். டாக்டர் திலகவதி பார்த்துவிட்டு, "ட்யூப் மாறியிருக்குதுங்க. மறுபடி எடுக்கச் சொல்லுங்க," என்றார். மறுபடி எடுத்தார்கள். அதே கொத்து. அதே கறுப்பு.

"சிலசமயம் இப்படி அமைஞ்சுருமுங்க. நமக்குத் தட்டுதானுங்க முக்கியம். வேண்டாம்னு எழுதிடலாமுங்க," என்றார். நாளைக்குக் காலையில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எனக்கு ஒப்பவில்லை. ஒரு கொத்து முழுசாக ஒத்துப்போகிறது, ஆனாலும் அணு சாகிறது. இரண்டில் எதற்கும் காரணம் தெரியவில்லை. இந்த யோசனையோடு மத்தியானம் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். வராந்தாவில் ஒரு குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா தூக்குவாளியைத் திறந்து வைத்தார். பக்கத்தில் இருந்தவர், தலை லேசாக நரைத்த மனிதர், கையை நீட்டினார். அந்த அம்மா அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏலே கருப்பையா, கையக் கழுவிட்டு வந்து தின்னுடா. சோறும் வெஞ்சனமும் எங்கிட்டும் ஓடிப் போயிறாது."

அவரும் பேசாமல் எழுந்து குழாயடிக்குப் போனார்.

கருப்பையா என்ற பெயர் காதில் விழுந்ததும் நான் நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த நர்ஸிடம் அந்த அம்மா யார் என்று கேட்டேன். "நம்ம ராஜாத்தியோட அம்மா மேடம், பேச்சியம்மா. அவரு மருமகன்," என்றாள்.

எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் மருமகனை மாமியார் எப்படி நடத்துவார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எதிரே உட்கார மாட்டார். பெயரைச் சொல்ல மாட்டார். 'மாப்ளைக்குச் சோறு வையி' என்று மகளிடம் சொல்வாரே தவிர நேரில் பேசுவதுகூட அளவோடுதான். எங்கள் முஸ்லிம் வீடுகளிலும் மருமகன் வந்தால் மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். மருமகனைப் பேர் சொல்லி, 'ஏலே' போட்டு, 'டா' போட்டு, கையில் தட்டுகிற மாமியாரை நான் அதுவரை கண்டதில்லை. அப்படித் தட்டுவதென்றால் தூக்கி வளர்த்த பிள்ளையைத்தான் தட்டுவார்கள்.

நான் போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். லேபில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னேன். "இவரு உங்களுக்கு மருமகனாம்மா?"

"ஆமாம்மா."

"அசல்ல குடுத்தீகளா, சொந்தத்துலயா?"

"அசலுதேன்," என்றார் பட்டென்று. கேள்விக்காகவே பதிலை மடியில் கட்டி வைத்திருந்ததுபோல வந்தது.

"அசல் மாப்ளையத்தேன் 'ஏலே'ன்னு கூப்பிட்டுக் கையில தட்டுறீகளா? எங்க வீட்டுல என் மாமியா காலத்துல இப்படிச் செஞ்சிருந்தா வீடு ரெண்டாயிருக்கும்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. முகம் வெளிறிப் போய்விட்டது. கை கழுவிவிட்டு வந்த கருப்பையா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னக்கா?" என்று அந்த அம்மாவிடம் வாய் தவறிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பேச்சியம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கூடப் பெறந்த கடைசித் தம்பிம்மா. எங்காத்தா செத்தப்ப இவன் தவழ்ந்துக்கிட்டுத் திரிஞ்சான். நாந்தேன் வளத்தேன். எம் மகளயே இவனுக்குக் கட்டிக் குடுத்தேன். நாலு பேரு மாதிரி நாங்களும் செஞ்சோம், கொலையா பண்ணிப்புட்டோம்?"

"பிறகு எதுக்கும்மா அசல்னு சொன்னீக?"

அதற்குக் கருப்பையாதான் பதில் சொன்னார். மூத்த பெண் கவிதாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அது தெரிந்த அன்றைக்கு, எங்கோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், டாக்டர் இவர்களை வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். தாய்மாமனைக் கட்டிக்கொண்டு இப்படிப் பிள்ளை பெற்று வைத்திருக்கிறாயே, நீயெல்லாம் மனுஷியா என்று. "அன்னைல இருந்து எந்த ஆசுபத்திரிக்குப் போனாலும் அசல்னுதேன் சொல்றது. ராஜாத்திக்கு இந்த நோக்காடு வந்ததும், கட்டக் கூடாத எடத்துல கட்டுனதுக்குச் சாமி குடுத்த தண்டனைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. எம்புட்டுச் சொல்லியும் கேக்கமாட்டேங்குறா," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டாக்டர் மட்டும் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும். சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்குச் சில குறைகள் வர வாய்ப்புக் கூடும் என்பது உண்மைதான். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதைத் தனியாகக் கூப்பிட்டுப் பதமாகச் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்க வைத்து அவமானப்படுத்தினால் அந்த ஜனம் கல்யாணத்தை நிறுத்தாது, உண்மை சொல்வதைத்தான் நிறுத்தும்.

மேலே போய் டாக்டர் திலகவதிக்குப் போன் செய்தேன். திரும்பி வந்துவிட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "ரொம்ப நன்றிங்க மெஹர். உக்காருங்க. டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

அந்த டீ எதற்கென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உட்காரவில்லை, நின்றபடியே வாதாடினேன். தாய்மாமன் என்றால் ஒரு கொத்து ஒத்துப்போவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ராஜாத்தியின் அம்மாவும் கருப்பையாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கொத்து இரண்டு பேருக்கும் வந்து, அம்மா வழியாக ராஜாத்திக்கும் போயிருக்கிறது. ராஜாத்திக்கு அந்நியம் என்றால் கருப்பையாவின் இன்னொரு கொத்து மட்டும்தான். பிள்ளை வழியாக அதை அவள் பார்த்திருக்க வேண்டும் என்றால், இரண்டு பெண்களில் ஒருத்திக்காவது அந்தக் கொத்து வந்திருக்க வேண்டும். அவளுக்கு இதுவரை வெளி ரத்தமும் ஏற்றியதில்லை, அந்த வழியாகவும் அதைப் பார்த்திருக்க முடியாது. பிள்ளைகள் இரண்டு பேரையும் சோதித்துப் பார்ப்போம் என்றேன்.

அவர் எழுதி வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து ஓரமாக வைத்தார். "சரிங்க. பிள்ளைகளக் கூட்டியாரச் சொல்லுங்க. ஆனா ஒண்ணுங்க. நீங்க மூஞ்சியப் பாத்துட்டீங்க. இந்தக் கேஸ்ல இனித் தட்டப் பாக்குறது நானும் ஜோசப்பும்தானுங்க. நீங்க கையாலதான் வேலை செய்யணும், கண்ணால இல்லீங்க."

நியாயம்தான். ஆனாலும் சுருக்கென்றது.

பிள்ளைகள் வந்தார்கள். சின்னவள் கார்த்திகா ஊசியைப் பார்த்ததும் ஊரைக் கூட்டினாள். மூத்தவள் கவிதா அழவில்லை. ட்யூபில் ரத்தம் ஏறுவதையே பார்த்தாள், பிறகு அதை எங்கே கொண்டு போகிறாய் என்று கையால் கேட்டாள். கூட்டிக்கொண்டு போய் அவளுடைய அணுக்களையே மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, விரல்களை விரித்துச் சுருக்கி விரித்துச் சுருக்கி, மினுங்குகிறது என்று எனக்குச் சொல்லிக் காட்டினாள். அதன் பிறகு வந்த எத்தனையோ மாணவிகள் அதே கண்ணாடியில் கண்ணை வைத்திருக்கிறார்கள். அவளைப்போல் யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

சோதனை முடிவு வந்தபோது நான் லேபில் கை தட்டிவிட்டேன். இரண்டு பெண்களுக்கும் அப்பாவிடமிருந்து வந்தது அந்தப் பொதுக் கொத்துதான். கருப்பையாவின் அந்நியக் கொத்தை ராஜாத்தியின் உடம்பு கண்ணால் கண்டதே இல்லை. காணாதவனுக்கு எதிராக ஆயுதம் செய்ய முடியாது.

"அப்ப அந்த அணுவக் கொன்னது யாருங்க?" என்றார் டாக்டர் திலகவதி.

அவருடைய பெரிய குணமே இதுதான். நமக்குச் சாதகமான முடிவு வந்தாலும் அடுத்த கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார். நான் அதையும் யோசித்து வைத்திருந்தேன். சில பேருடைய ரத்தத்தில் ஆளைப் பார்க்காமல் எல்லாச் செல்லின் மேலும் ஒட்டுகிற ஒருவகை ஆன்டிபாடி இருக்கும், தன் சொந்தச் செல்லைக்கூட விடாது. தட்டில்தான் அது கொலைகாரன். உடம்புக்குள் சிறுநீரகத்தை ஒன்றும் செய்யாது. உருவத்தில் பெரியது, அதனால் ஒரு ரசாயனம் போட்டால் உடைந்துவிடும். உண்மையில் சிறுநீரகத்தைக் கொல்லுகிற ஆன்டிபாடி சின்னது, அது அந்த ரசாயனத்துக்கு அசையாது. ஆகவே ராஜாத்தியின் சீரத்தைக் கருப்பையாவின் அணுக்களோடும் போட வேண்டும், அவளுடைய சொந்த அணுக்களோடும் போட வேண்டும், ரசாயனம் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை.

இன்றைக்கு எந்த லேபிலும் முதல் நாளே இதைச் செய்துவிடுவார்கள். அன்றைக்கு எங்களைப் போன்ற சின்ன லேபில், தட்டு கறுத்தால் கறுத்ததுதான். புருஷன் பெண்டாட்டி என்றால் காரணம் பிள்ளைப்பேறு என்று முன்கூட்டியே முடிவு செய்திருப்போம்.

தட்டை நான்தான் போட்டேன். அந்த ரசாயனத்தில் அழுகின முட்டை நாற்றம் வரும், லேப் முழுக்க நாறியது. எந்தக் குழியில் எது என்று தெரியாதபடி டாக்டர் திலகவதி எண் மாற்றி வைத்தார். பிறகு கதவைக் காட்டினார். நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். முதலில் ஜோசப் பார்த்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் என்னைத் தாண்டிப் போனார். அவரைப் பிடித்து உலுக்கலாம்போல் இருந்தது. கீழே ராஜாத்திக்கு அன்றைக்கு டயாலிசிஸ் நாள். மெஷின் ஓடும் சத்தம் மேலே கேட்டது. நம்பிக்கை கொடுத்தது நான், அதைப் பறிக்க வேண்டி வந்தால் அதையும் நான்தான் இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும். அல்லாவே, அந்தப் பெண்ணுக்காகச் செய் என்று வாய்விட்டே கேட்டேன்.

கதவு திறந்தது. "வாங்க மெஹர். எழுதியாச்சுங்க. இனி நீங்க பாக்கலாமுங்க," என்றார் டாக்டர் திலகவதி. ஸ்டூலைவிட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அத்தனை வருஷத்தில் அவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பார்த்தேன். ரசாயனம் சேர்க்காத குழியில் ராஜாத்தியின் சீரம் அவளுடைய சொந்த அணுக்களையே கொன்றிருந்தது. சேர்த்த குழிகளில் அவளுடைய அணுவும் மினுங்கியது, கருப்பையாவின் அணுவும் மினுங்கியது. ஒரு கறுப்புப் புள்ளியைக்கூட நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. டாக்டர் திலகவதி அதைக் கண்டுகொள்ளவில்லை. "புது ரத்தம் எடுத்து இன்னொருக்காப் பாக்கணுமுங்க," என்றார். பார்த்தோம். அதுவும் மினுங்கியது. 'செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "இனி வர்ற ஒவ்வொரு ஜோடிகிட்டயும் சொந்தமா அசலான்னு கேக்கணுமுங்க. தனியா ஒக்கார வச்சு, திட்டாமக் கேக்கணும். அத நீங்கதான் செய்யணுமுங்க. உங்களுக்குத்தான் பேச வருது." பாராட்டா கண்டிப்பா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, பாராட்டு என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கேள்விதான் பிறகு என் ஆராய்ச்சியாக வளர்ந்தது. செம்பட்டி, சின்னாளப்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொந்தத்தில் கட்டிய ஜோடிகளிடம் ரத்தம் வாங்கினேன். தறியில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி வாங்கியிருக்கிறேன், தக்காளிக் கூடையை இறக்க விடாமல் வாங்கியிருக்கிறேன். அசல் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் இரண்டாவது டீக்குப் பிறகு உண்மையைச் சொன்னார்கள் என்பதை ஒரு தனிக் கட்டுரையாகவே எழுதலாம். அதையெல்லாம் தொகுத்து வடக்கே ஒரு பெரிய மாநாட்டில் வாசித்தேன். தோல் வியாபாரி மகள் மேடையில் ஏறிப் பேச, முன்வரிசையில் இருந்த பெரிய பெரிய தலைகள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தன. அத்தா அப்போது இல்லை. இருந்திருந்தால் பேகம்பூரில் மறுபடி ஒரு புரளியைக் கிளப்பியிருப்பார்.

ஆனால் எனக்கு மாநாட்டைவிடப் பெரிய நாள் ஒன்று உண்டு.

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து டாக்டர் திலகவதி, "போய்ப் பாத்துட்டு வாங்க மெஹர்," என்று அவராகவே சொன்னார். மதுரைக்குப் பஸ் ஏறினேன். வார்டில் ராஜாத்தி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்து, கண் இருக்கிற இடம் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் தொங்கிய பை நிறைந்திருந்தது. மூத்திரப் பையை இவ்வளவு ஆசையோடு பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பேச்சியம்மா காலடியில் உட்கார்ந்திருந்தார். தம்பி அடுத்த வார்டில் எழுந்து நடக்கிறான், இட்லி பற்றவில்லை என்று சண்டை போடுகிறான் என்றார்.

அப்போது ஒரு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். புது ஆள். விவரத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஹஸ்பண்டா குடுத்தாரு? பரவாயில்லையே, நல்லாப் பொருந்தியிருக்கே. சொந்தமா?" என்று கேட்டார்.

"அசலுங்க டாக்டர்," என்றார் பேச்சியம்மா, பழக்கத்தில்.

"ஆத்தா, செத்த நேரம் சும்மா இரு," என்றாள் ராஜாத்தி. வயிற்றில் தையல் இழுக்க, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எங்கம்மாவோட கூடப் பெறந்த தம்பி டாக்டர். எஞ்சொந்தத் தாய்மாமன். அதேன் ஒத்துப் போச்சு."

வார்டில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பேச்சியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, திட்டு விழட்டும் என்று காத்திருந்தார்.

டாக்டர் எழுதிக்கொண்டார். "சரிம்மா. தண்ணி நல்லாக் குடிங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பேச்சியம்மா மெதுவாகத் தலையைத் தூக்கினார். டாக்டர் போகிற திக்கையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்புட்டுத்தேனாம்மா?" என்று கேட்டார்.

"அம்புட்டுத்தேன்," என்றேன்.